விலையில்லாததும் கட்டற்றதும்

2020 ஊரடங்கின்போது கான்சாபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே செல்போனை அவள் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மதுரையில் இருக்கும் தாய்மாமன் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அனுப்பிவைத்தார். எங்கள் வீட்டு வைஃபை அவர்கள் திண்ணை வரை எட்டும். ஆனால் அந்தக் கணினி எந்த வைஃபையையும் காட்டவில்லை. இரண்டு நாள் வகுப்பு போய்விட்டது. "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்தவங்கதானே தாத்தா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவந்து வைத்தாள்.

முதலில் பக்கவாட்டில் இருந்த வைஃபை சுவிட்சைப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. 'ஆர்எஃப்கில்' கட்டளை தடை ஏதும் இல்லை என்றது. 'எல்எஸ்பிசிஐ' வைஃபை சில்லின் பெயரைக் காட்டியது. ஆக, சில்லுக்கு உயிர் இருக்கிறது. கடைசியாக 'டிமெஸ்ஜி' போட்டதும் குட்டு வெளிப்பட்டது: ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம்!

ஃபர்ம்வேர் என்பது கணினி எழும்போது சில்லுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல். அது இல்லாவிட்டால் சில்லு வெறும் தகடு. அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அது வேண்டும். என் செல்போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங் வழியாகக் கோப்பை இறக்கி, கணினியை அணைத்துப் போட்டேன். வைஃபை வந்துவிட்டது.

அந்தக் கோப்பு ஏன் முதலிலேயே இல்லை? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்டு ஸ்டால்மன் ஒரு அச்சு இயந்திரத்தின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்துக்கும் 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததில் பங்குண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்து சேர்ந்தது. ஆனால் வைஃபை சில்லு செய்தவர்கள் பலர் தங்கள் விவரங்களைத் தரவில்லை. பிராட்காம் சில்லுகளை ஆர்வலர்களே ஆராய்ந்து எழுதிய டிரைவர் 2006இல் லினக்ஸில் சேர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி இல்லை. நிறுவனத்தின் டிரைவரிலிருந்து பிரித்தெடுத்துத்தான் போட வேண்டும். 2010இல் அந்த நிறுவனமே சில புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது.

டெபியன் என்னும் லினக்ஸ் குழு கொள்கையில் கறார். மூல நிரல் தராத ஃபர்ம்வேர்களை 2011 வெளியீட்டில் தனியே பிரித்து வைத்தது. கொள்கை சரி, அவதிப்பட்டவர்கள் புதிதாக நிறுவியவர்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவும் கோப்பிலேயே வருகின்றன.

இந்தச் சண்டையின் பொருளைப் புரிந்துகொள்ள புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு உதவியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்பார்கள். பிரெஞ்சில் 'கிராத்துய்' என்றால் காசில்லாமல். 'லிப்ர்' என்றால் கட்டில்லாமல். தமிழும் இதைப் பிரித்தே சொல்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு தொடங்கியது 'விலையில்லா மடிக்கணினி' திட்டம். அவற்றில் விண்டோசுடன் சேர்த்துக் கொடுத்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'கட்டற்ற' மென்பொருள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த லினக்ஸ் விலையில்லாதது, கட்டற்றதும்கூட. வைஃபை சில்லு மட்டும் கட்டுக்குள் இருந்தது. இரண்டு நாள் பாடம் போனது அதனால்தான்.

பேரப்பிள்ளைகளின் பழைய கணினி வீட்டில் கிடந்தால், வைஃபை வரவில்லை என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் சுவிட்ச், அடுத்து 'டிமெஸ்ஜி', பிறகு ஒரு செல்போன் கேபிள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து வேதியியல் பாடம் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் எனக்கு மதியத் தூக்கம்தான் போயிற்று.