காலமும் இடமும்: அகுதாத் இஸ்ரேலும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும்

1976 மே 14. வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி தமிழீழத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மலையகத்தவன் என்பதால் அதில் ஒரு பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்வதால், தனிநாட்டுக் கோரிக்கையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்குத் தயக்கம் உண்டு என்பதைத் தீர்மானமே குறித்துக்கொள்கிறது.

அதற்கு 28 ஆண்டுகள் முன்பு, அதே மே 14இல், இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. திகதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அங்கேயும், தன் இனத்தின் பெயரால் பிறந்த அரசை மனமார ஏற்க முடியாத ஒரு தரப்பு இருந்தது. அரசை நிறுவியவர்கள் பெரும்பாலும் மதச்சார்பற்றவர்கள். பிரகடனத்தில் கடவுளின் பெயர் வேண்டுமா என்று எழுந்த தகராறு, ‘இஸ்ரேலின் பாறை’ என்ற சொல்லில் சமரசமானது. பக்தர் அதைக் கடவுள் என்று வாசித்தார். மற்றவர் தமக்குப் பிடித்தபடி வாசித்தார்.

மதப்பற்றுள்ள யூதர் எல்லோரும் இந்த அரசை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1935இல் காலமான ரபி ஆபிரகாம் ஐசக் குக், ஓய்வுநாளை மதிக்காமல் மண்ணைக் கொத்திய இளைஞர்களும் தம்மை அறியாமலே இறைப்பணி செய்கிறார்கள் என்று நம்பினார். சத்மார் ரபி யோவேல் டைடல்பாம் நேர் எதிர். மெசியா வரும்முன் பலவந்தமாகத் திரும்பிச் செல்வதில்லை என்ற தல்மூத் சத்தியத்தை மீறியதே இந்த அரசு என்றார். வாக்களிப்பதையும் தடுத்தார்.

இருவருக்கும் நடுவில் நின்றது 1912இல் உருவான அகுதாத் இஸ்ரேல் கட்சி. கொள்கையில் சியோனிசத்தை ஏற்காமல், நடைமுறையில் அரசோடு பேரம் பேசியது. ஓய்வுநாள், உணவு விதி, திருமணச் சட்டம், சமயக் கல்வி ஆகியவற்றுக்கு 1947 ஜூனில் பென்-குரியன் தலைமை எழுத்தில் உறுதி தந்தது. கட்சியின் தலைவர் இட்சாக் மெயர் லெவின் பிரகடனத்தில் கையெழுத்திட்டு அமைச்சருமானார். பெண்களுக்கான தேசிய சேவை குறித்த சர்ச்சையில் 1952இல் விலகினார். அதன்பின் பல பத்தாண்டுகள் கட்சியினர் பிரதி அமைச்சர் பதவி வரைதான் போனார்கள். அமைச்சரவையில் அமர்ந்தால் ஓய்வுநாளை மீறும் முடிவுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டுமே என்ற அச்சம்.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானுக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் முழு அமைச்சராகவே சேர்ந்தார். துரோகி என்றார்கள். 1983 ஜூலையில் தமிழர் தாக்கப்பட்டபோதும் அவர் அமைச்சர்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்ட எனக்கு மனமில்லை. ஆனால் 1986 தைப்பொங்கலையும் மறக்க முடியாது. அமைச்சரவையில் இருந்துகொண்டே, குடியுரிமை கேட்டுத் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் நடத்தினார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் சாமி கும்பிட உட்கார்ந்தார்கள். நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது.

அகுதாத் இஸ்ரேலின் மறுப்பு காலத்தைப் பற்றியது: மண் நமதே, வேளை வரவில்லை. மலையகத்தின் மறுப்பு இடத்தைப் பற்றியது: கோருவது நியாயமாக இருக்கலாம், ஆனால் அந்த வரைபடத்தில் ஹற்றனும் நுவரெலியாவும் இல்லை. காலத்துக்காகக் காத்திருப்பவர் நம்பிக்கையால் பொறுத்திருக்கலாம். தோட்டத்து லயத்தில் இருப்பவர் எதை நம்பிப் பொறுப்பது?

இந்த ஒப்பீடு உடையும் இடமும் ஒன்று உண்டு. எனக்கு வலிப்பது அதுதான். அகுதாத் இஸ்ரேல் குடிமக்களின் கட்சி. கையில் உள்ள வாக்கைக் காட்டி, படைச் சேவையிலிருந்து யெசிவா எனும் சமயப் பள்ளிகளின் மாணவருக்கு விலக்குக் கேட்டது. 1948இல் விலக்குப் பெற்றவர்கள் 400 பேர். அதே 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவராக்கியது. வாக்கும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அகுதாத் இஸ்ரேல் கேட்டது கடமையிலிருந்து விலக்கு. நாங்கள் கேட்டது உள்ளே வர அனுமதி. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. குடியிருக்கும் லயக்காணிக்கு உறுதி வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகும் மேதினக் கூட்டங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.