கீழ்வேளூருக்கு வந்த பிரபு

நம் பங்கின் குருக்களையும் உபகாரிகளையும் பற்றி இந்த ஜூபிலி மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் நமக்குச் செய்த நன்மைகள் அநேகம். அவற்றை நன்றியோடு நினைக்கிறோம். அதே நாட்டிலிருந்து வந்த, நம் வேதத்தைச் சேர்ந்த ஒரு பிரபு இந்தத் தஞ்சைத் தரணிக்கு இழைத்த தீங்கையும் மறைக்காமல் எழுதுவது முறையென்று கருதியே இதை வரைகிறோம்.

அவர் லாலி பிரபு. அயர்லாந்தின் பழைய கத்தோலிக்கக் குடியில் வந்தவர். கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் நின்று நாட்டை இழந்த தந்தை, பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். மகன் 1702-ல் பிரான்சின் ரோமான் நகரில் பிறந்து, போர்முனையில் பெயர் பெற்றவர். தாம் வீடிழந்த குடும்பத்தார் என்பதைப் பின்னாளில் அவர் நினைத்தாரோ என்னவோ!

1758 ஏப்ரல் 28-ல் புதுச்சேரியில் வந்திறங்கினார். மோன்மொரான்சி, கிரியோன், தெஸ்தேன் முதலிய உயர்குடிப் பிள்ளைகளும் அவருடைய படையில் இருந்தனர். ஜூன் 2-ல் கடலூர்ப் பக்கத்துக் கோட்டை வீழ்ந்தது. அடுத்தது சென்னை என்றார், கஜானாவிலோ காசில்லை. அப்போது தஞ்சையைச் சுட்டிக் காட்டியவர்களுள் இயேசு சபைத் தலைவர் லவோர் சுவாமியும் ஒருவர். தஞ்சை மன்னர் பிரதாப சிங் முன்பு நெருக்கடியில் எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. குருவானவர் வாயிலிருந்து இந்த யோசனை வந்ததே என்பது நமக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சாதி, தொழில் பாராமல் ஆட்களைப் பிடித்துப் பாரம் சுமக்க வைத்துப் படை புறப்பட்டது. உணவுக்கு ஏற்பாடில்லை. தேவிக்கோட்டையில் கிடைத்தது நெல் மட்டுமே. குத்த ஆளில்லை, ஊரார் ஓடிவிட்டனர். நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தது அந்தப் படை! காரைக்கால் வழியாக நாகூரை அடைந்து, கொள்ளையடிக்கும் உரிமையையே குதிரைப்படைத் தலைவன் ஒருவனுக்கு விலைபேசிக் கொடுத்தனர்.

பின்பு கீழ்வேளூர். சிவாலயத்துக் குளத்தையும் கிணற்றையும் கிளறினார்கள்; வீடுகளைத் தோண்டினார்கள்; பொன் அகப்படவில்லை. கோயிலைச் சுற்றி நடமாடிய பிராமணர் அறுவரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுடச் செய்தார் லாலி. ஓர்ம் என்னும் ஆங்கில ஆசிரியர் இதை எழுதியிருக்கிறார். ஊரே வெறுத்தது. அதன்பின் அந்தப் படைக்கு ஒரு படி அரிசி கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஜூலையில் தஞ்சைக் கோட்டையை வளைத்தனர். பேச்சும் மிரட்டலுமாக நாள் கழிந்தது. வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்த வேளையில், ஆகஸ்டு 3-ல் கடற்போரில் ஆங்கிலேயர் கை ஓங்கியதென்று செய்தி வந்தது. முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினர். தஞ்சைக் குதிரைப்படை வழியெல்லாம் விரட்டியது.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. பாரிசில் லாலி மீது அரச துரோக வழக்கு. லவோர் சுவாமி இறந்தபின் அவருடைய தாள்களிடையே கண்டெடுத்த எழுத்தும் அவருக்கு எதிராகப் பயன்பட்டது. 1766 மே 9-ல் வாயை அடைத்து, வெளியரங்கமாகச் சிரச்சேதம் செய்தார்கள். கீழ்வேளூரின் பழி என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். துரோகம் செய்தவர் அல்லர் அவர். கோபத்துக்கும் ஆணவத்துக்கும் அடிமையானவர்.

மகன் திரோபிம் ஜெரார்டுக்கு அப்போது பதினைந்து வயது. தகப்பனாரின் பெயரைத் துடைக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். நம் திருச்சபையை ஓயாமல் பழித்த வோல்தேரே அவருக்குத் துணை நின்றார். 1778 மே மாதத்தில் அரசவை பழைய தீர்ப்பைத் தள்ளியது. மரணப் படுக்கையில் அதைக் கேட்டு மகிழ்ந்த வோல்தேர் சில நாட்களில் இறந்தார்.

வரும் மரித்தோர் திருநாளில் நம் பங்குக் குருக்களை நினைக்கும்போது, லாலிக்கும் கீழ்வேளூரின் அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமென்று பங்குமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.