தோட்டத்துச் சொற்களும் மொழிநூல் மாணவரும்

பள்ளியில் நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்து தேறிய மாணவர், பட்ட வகுப்பில் மொழிநூலைப் பாடமாகக் கொண்டதும் ஒரு திகைப்பை எய்துவர். இதுகாறும் கொச்சையென விலக்கிய வீட்டுப் பேச்சையே செவியாற் கேட்டு எழுதி, ஒலியும் உருபும் பிரித்து ஆராய்க என்று ஆசிரியர் பணிப்பார். அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களினின்று வந்த மாணவர்க்கு இத்திகைப்பு இருமடங்கு. அவர்தம் பேச்சைப் பற்றிய பழைய நூல்களைத் தேடின், கைக்கு முதலில் அகப்படுவன தமிழ்ப் புலவர் செய்தனவல்ல. வெள்ளைத் துரைமாருக்கென எழுந்த ஆங்கிலக் கையேடுகளே.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, பெர்குசன் என்பார் சின்னத்துரைமாருக்காக ஆக்கிய கையேட்டின் பெயர் 'இங்கே வா' என்பது. 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்டது 'கூலித் தமிழ்'. முன்னதன் பெயரே முன்னிலை ஏவல் ஒருமை. 'வாருங்கள்' என்பதற்கு அங்கு இடமில்லை. ஏவுதற்கென்றே கற்கும் மொழியில் ஏவல்வினை தலைமை பெறுதல் வியப்பன்று. ஆயினும், மானங்கருதி இந்நூல்களை எறிந்துவிடுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. அக்காலத் தோட்டங்களில் வழங்கிய சொற்களுக்கு அவை எழுத்துச் சான்று.

அச்சொற்களுள் வரலாறு பொதிந்து கிடக்கின்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களிற் கோயிற் காரியத்தை மேற்பார்த்தவன் 'கண்காணி'; தோட்டத்தில் அவனே ஆள்பிடித்துக் கடன் கொடுத்த 'கங்காணி'. ஆங்கிலேயரின் 'பரேட்' விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் 'பிரட்டு' ஆயிற்று, 'லைன்' லயமாயிற்று. இசைவாணர் அறிந்த லயத்துக்கும் இந்த லயத்துக்கும் ஒலியன்றி உறவில்லை! 'துண்டு' தூய தமிழ்ச்சொல்லே. ஆனால் தொழிலாளியின் கடனைக் குறித்து, அதனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் புகவிடாத சீட்டுக்கு அதுவே பெயர். அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிந்தது. ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்பதும், குறைந்த வேலைக்கு 'அரைப்பேர்' என்பதும் யான் நெடிது எண்ணிய வழக்கு. கணக்கேட்டில் ஒருவர் பெயரே அவர் கூலிக்கு அளவாகி, அதுவும் பாதியாகக் குறைக்கப்படுதலைச் சொற்பொருள் விரிவு என்று மட்டும் எழுதிக் கடந்துபோதல் எளிதன்று.

பேச்சுமொழியை மதித்தற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. இலண்டனிற் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே நாடகங்கள் எழுதி 1940இல் 'நானாடகம்' என வெளியிட்டார். மலைநாட்டிலோ, மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். துரைமார் கையேட்டில் இடம்பெறாத குரல் அப்பாடல்களிற் கேட்கும்.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்வாராக. தந்தையைப் பெற்றவளை அவ்வயலில் 'அப்பாயி' என்பார் எத்தனை வீட்டார், 'அப்பத்தா' என்பார் எத்தனை வீட்டார்? திருச்சிராப்பள்ளிப் பக்கமோ, இராமநாதபுரப் பக்கமோ, அவர்தம் முன்னோர் எவ்வூரினின்று கடல்கடந்தனர்? முதியோர் இருக்கும்போதே இவற்றைக் கேட்டுக் குறித்தல் வேண்டும்.