வித்யாஸ்தானம் எங்கே இருக்கிறது?

ஏரி நீர் பாய்ந்து வயல் விளையும் ஊர் பாகூர். வரலாற்றில் அவ்வூர் இடம்பெற்றது வயலால் மட்டுமன்று, கல்வியாலும்தான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், 9ஆம் நூற்றாண்டில், தன் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்தான். அதனைக் கூறும் செப்பேடு அக்கல்விக்கூடத்தை 'வித்யாஸ்தானம்' என்று அழைக்கிறது.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே சென்றால் திருபுவனை. முதலாம் இராசாதிராச சோழன் ஆண்ட 1048இல் அங்கே 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடந்ததென்று கல்வெட்டு சொல்கிறது. அதற்கு விடப்பட்ட நிலம் 72 வேலி. ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல்!

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர். கீழ்வகுப்பில் 270 பேர். மேல்வகுப்பில் 70 பேர். மேல்வகுப்பில் இலக்கணத்திற்கு 25, மீமாம்சைக்கு 35, வேதாந்தத்திற்கு 10 என்று இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. கற்போர்க்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது.

ஒழுங்கான ஏற்பாடுதான். முதன்மைப் பாடம் இருந்தது, ஒவ்வொரு பாடத்திற்கும் இடம் இருந்தது, உணவும் இருந்தது. ஆனால் அந்த 12,000 கலம் நெல்லை உழுது விளைத்தவன் மகன் எந்தப் பாடத்தில் சேர்ந்தான்? வேதம் ஓதும் உரிமையைப் பிறப்பு முடிவு செய்த காலம் அது. பாடத்தைக் கொடையாளி முடிவு செய்தான். மாணவனைச் சாதி முடிவு செய்தது. மொழியோ வடமொழி. பட்டியலில் வியாகரணம் உண்டு. தொல்காப்பியத்திற்கு ஓர் இடம் இல்லை!

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தும் கல்லூரி இடத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்த ஆணை 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் செல்லாதாயிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் 15(4) பிரிவு பிறந்தது.

புதுவை அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1961இல் தாகூர் கலைக் கல்லூரி தோன்றியது. அந்நாளில் நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுவைக்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. உழவன் மகளும் நெசவாளி மகனும் பட்டம் பெறும் காலம் பிறந்தது.

ஆனால் நண்பர்களே, திறந்த கதவின் முன் நாம் எப்படி நிற்கிறோம்?

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயியின் மகன். வரலாற்று நூல் கிடைத்தால் உணவை மறப்பான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தந்தையார் அவனைச் சோதிடரிடம் அழைத்துச் சென்றார். சோதிடர் கட்டத்தைப் பார்த்து, 'வித்யாஸ்தானம் பலவீனம். வணிகம் படித்தால்தான் பிழைப்பான்' என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் செப்பேடு நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஊரில் இருந்த வித்யாஸ்தானத்தில் அவன் பாட்டன் நுழைய முடியவில்லை. இன்று நுழைய வழியிருந்தும், தந்தையார் அதனை ஜாதகக் கட்டத்தில் தேடுகிறார்! அன்று தடுத்தது பிறந்த குலம். இன்று தடுப்பது பிறந்த நேரம். இரண்டும் பிறப்பின் பெயரால் வரும் விலங்குகளே.

நான் தந்தையாரிடம் சண்டையிடவில்லை. விதிகளை எடுத்து வைத்தேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த முறைப்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட் வேண்டும். வாரம் ஒரு மணி நேர விரிவுரை, ஒரு பருவம் முழுதும் கேட்டால் ஒரு கிரெடிட். 120இல் குறைந்தது 60 முதன்மைப் பாடத்திற்கு, 24 துணைப்பாடத்திற்கு, எஞ்சியவை மொழி, திறன், பிறதுறைப் பாடங்கள் முதலியவற்றிற்கு. நான்காம் ஆண்டும் படித்தால் 160 கிரெடிட், ஆனர்ஸ் பட்டம். ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 பெற்றிருக்க வேண்டும்.

'ஐயா, பாதிப் படிப்பு முதன்மைப் பாடம். விருப்பமில்லாத பாடத்தில் மூன்றாண்டு உட்கார்ந்தால் எந்தக் கிரகம் காப்பாற்றும்? வரலாறு முதன்மை; பொருளியல் துணை. பின்னர் பி.எட். படித்தால் ஆசிரியராகலாம், ஆட்சிப் பணித் தேர்வும் எழுதலாம்' என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'இதையெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்?' என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அவரை அறியாமைக்குள் விட்டது யார்? படித்த நாம்தானே!

தோழர்களே, பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் தம் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டா; பத்தாம் வகுப்பிலேயே பேசுங்கள். மேல்நிலையில் கணிதப் பிரிவை விட்டவனுக்குப் பின்னர் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்வது பொதுவாகக் கடினம் என்பதைப் பதினைந்து வயதில் அவனுக்கு யார் சொல்வது? பட்டதாரி ஆசிரியராக விரும்புகிறவள் இளங்கலையில் எதை முதன்மையாகப் படிக்கிறாளோ அதுவே அவள் கற்பிக்கும் பாடத்தைப் பெரிதும் முடிவு செய்யும் என்பதைச் சேருமுன்னே யார் விளக்குவது? பக்கத்து வீட்டார் சொன்னது, தோழி சேர்ந்தது, சோதிடர் கணித்தது ஆகிய மூன்றையும் ஒதுக்கச் சொல்லுங்கள். எப்பாடம் உன்னைக் கேள்வி கேட்க வைக்கிறது, அது எந்தக் கதவைத் திறக்கிறது, அதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவன் இன்று வரலாறு படிக்கிறான். விடுமுறையில் திருபுவனைக்குச் சென்று வந்தானாம். 260 பேர் படித்த கல்லூரியின் கணக்கைக் கல்லில் கண்டு வந்து என்னிடம் கேட்டான்: 'நெல் அளந்தவர் பெயர் ஏன் இல்லை, ஐயா?'

வித்யாஸ்தானம் எங்கே இருக்கிறது என்று இனி எவரும் கட்டம் பார்க்க வேண்டா. அது அந்தக் கேள்வியில் இருக்கிறது.