ஸ்டீம் டேபிளுக்குப் பதில் சாஃப்ட்வேர்... தெர்மோடைனமிக்ஸ் மாணவர்கள் எதில் கவனமா இருக்கணும்?

இன்ஜினியரிங் மாணவர்களைப் பயமுறுத்தும் பாடங்களில் ஒன்று தெர்மோடைனமிக்ஸ். கணக்கைப் புரிந்துகொள்வதற்குள், ஸ்டீம் டேபிளைப் புரட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். இதற்கு இலவச சாஃப்ட்வேர்கள் கைகொடுக்கின்றன.

என்ன பயன்?

டேபிளில் 10 பார், 11 பார் என அளவுகள் விட்டுவிட்டுத்தான் இருக்கும். 10.4 பாருக்கு இடைமதிப்பைக் கையால் கணக்கிடணும். கூல்ப்ராப்பில் அழுத்தத்தைக் கொடுத்தால் கொதிநிலை நொடியில் வந்துவிடும். சில வரி பைத்தான் கோடு எழுதினால், பாய்லர் அழுத்தத்தை ஏற்றும்போது அனல்மின் நிலையத்தின் செயல்திறன் எப்படி மாறுகிறது என்பதை கிராஃபாகவே பார்க்கலாம். முழு ஆலையையும் திரையில் அமைக்க டிடபிள்யூசிம் இருக்கிறது. ஐஐடி பாம்பேயின் ஃபாசி திட்டம் இதைக் கல்லூரிகளிடம் கொண்டு செல்கிறது.

சிக்கல் எங்கே?

தப்பான எண்ணைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் விடை சொல்லிவிடும். 500 டிகிரி செல்சியஸில் வெப்பத்தை எடுத்து, 30 டிகிரியில் வெளியேற்றும் ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். கார்னோ சூத்திரத்தில் செல்சியஸை அப்படியே போட்டால் செயல்திறன் 94% என்று வரும். கெல்வினுக்கு மாற்றிப் போட்டால் சுமார் 61% தான். எந்த இன்ஜினும் இதைத் தாண்ட முடியாது. 94% தப்பு என்று மாணவருக்குத்தான் தெரியணும்.

தேர்வில் உதவுமா?

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் ஸ்டீம் டேபிளுக்கு அனுமதி உண்டு, லேப்டாப்புக்கு இல்லை. எனவே டேபிள் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட முடியாது.

எப்படிப் படிக்கலாம்?

முதல் கணக்கைக் கையால் போடுங்க. அதே விடை சாஃப்ட்வேரிலும் வருதான்னு பாருங்க. வந்தால், அப்புறம் அழுத்தம், வெப்பநிலையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.