திறன்மிகு மின்மோட்டார் ஊக்குவிப்பு (இந்தியா)

ஆலைகளில் ஓடும் பழைய மூன்று ஃபேஸ் மோட்டார்களை மாற்றி, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் மோட்டார்களைப் பொருத்தத் தூண்டும் சட்ட, நிதி ஏற்பாடுகள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவரிசையில் ஐஇ1, ஐஇ2 என எண் ஏற ஏற இழப்பு குறையும்.

15 கிலோவாட், நான்கு துருவ மோட்டாரின் திறன் ஐஇ1 தரத்தில் 88.7%, ஐஇ3 தரத்தில் 92.1%. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் முழுச் சுமையில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் ஐஇ1 மோட்டார் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் இழுக்கிறது. ஐஇ3 சுமார் 3,700 யூனிட் குறைவாக எடுக்கும். விலை ஒருமுறை கொடுப்பது, மின்கட்டணமோ மோட்டார் ஓடும் காலமெல்லாம் கொடுப்பது.

இருந்தும் மாற்றம் மெதுவாகவே நடப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. மோட்டார் வாங்கும் பிரிவு விலையைப் பார்க்கிறது. மின்கட்டணம் வேறொரு பிரிவின் கணக்கில் விழுகிறது. இயந்திரத்தோடு மோட்டாரையும் சேர்த்து விற்பவருக்கோ அந்தக் கட்டணத்தோடு தொடர்பே இல்லை. மோட்டார் எரிந்துபோனால் உற்பத்தி நின்றுவிடும். உடனே பட்டறையில் காயில் கட்டி ஓட்டுவதே கைகண்ட வழி. பட்டறைக்காரர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. கவனமாகக் கட்டினால் திறன் பெரிதும் குறையாது. பழைய கம்பியை அளவுமீறிய சூட்டில் எரித்து எடுக்கும்போதுதான் இரும்புத் தகடுகளின் காப்புப்பூச்சு கெட்டு, இழப்பு நிரந்தரமாகிறது.

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன்படி ஆற்றல் திறன் செயலகம் 2002இல் அமைந்தது. மோட்டார்களுக்கான ஐ.எஸ். 12615 இந்தியத் தரநிலையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் ஐஇ2க்குக் கீழான மோட்டார்களுக்கு இடம் தரவில்லை. ஆனால் தரநிலை புதிதாக வாங்குவதையே கட்டுப்படுத்தும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டாரைத் தொடாது. அந்த இடைவெளியை நிரப்பவே, மலிவு விலை எல்இடி பல்புகளால் பெயர் பெற்ற பொதுத்துறை நிறுவனமான இஇஎஸ்எல், தேசிய மோட்டார் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐஇ3 மோட்டார்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து, முதலீட்டைத் தானே போட்டு, மிச்சமாகும் கட்டணத்திலிருந்து தவணையாகத் திரும்பப் பெறுவது இதன் முறை. கையிருப்புப் பணம் மூலப்பொருளுக்கும் கூலிக்குமே போதாத சிறு ஆலைகளுக்கு, வெறும் அறிவுரையைவிட இதுவே பயனுள்ளது.

பல்பைப் போல மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட முடியாது. திறன்மிகு மோட்டார் பெரும்பாலும் சற்று வேகமாகச் சுழலும். மின்விசிறியிலும் பம்பிலும் தேவைப்படும் மின்திறன் வேகத்தின் மும்மடிப்படி ஏறுவதால், கப்பியின் அளவைத் திருத்தாவிட்டால் சேமிப்பின் ஒரு பகுதி கரைந்துபோகும். அதே விதி மறுபக்கமும் செல்லும்: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி ஊதுவிசிறியின் வேகத்தை 20% குறைத்தால், தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிறது.