காணா நலிவும் எஞ்சியோர் கணக்கும்

எஞ்சியோரை வினவி மாண்டோரின் வரலாற்றை எழுதுவது எத்துணை அரிது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரணத்தை எண்ணால் ஆராயும் முயற்சி பழையது. இலண்டன் நகரத்து இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து யோன் கிரான்ற் 1662இல் நூல் வெளியிட்டார். எட்மண்ட் ஹாலி 1693இல் ஆயுள் அட்டவணை வகுத்தார். இவ்வட்டவணைகள் ஒரே வயதினர் அனைவரையும் ஒரு தன்மையராகவே கொண்டன. வயது, பால் முதலிய வெளிப்படையான வேறுபாடுகளை ஒருங்கே ஆராயும் முறையொன்றை டேவிட் கொக்ஸ் 1972இல் அமைத்தார். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகளை என் செய்வது? குடும்பத்தார் பகிரும் நோயிடரை டேவிட் கிளேற்றன் 1978இல் ஆராய்ந்தார். மறு ஆண்டில் வோப்பெல், மன்ரன், ஸ்ராலார்ட் என்னும் மூவர், ஆளுக்காள் மாறும் எழுமாற்று விளைவொன்றால் இடரைப் பெருக்கி, அதற்கு ‘நலிவு’ எனப் பெயரிட்டனர்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். நலிந்தோர் 200 பேர். வலியோர் 200 பேர். ஆண்டுதோறும் நலிந்தோரிற் பாதியும் வலியோரிற் பத்திலொரு பங்கும் மடிவதாகக் கொள்க. முதலாண்டில் 400 பேரில் 120 பேர் இறப்பர். அஃது 30 வீதம். மறுவாண்டில் எஞ்சிய 280 பேரில் 68 பேர் இறப்பர். அஃது ஏறத்தாழ 24 வீதம். ஒருவரது இடரேனும் குறையவில்லை. நலிந்தோர் முந்திச் சென்றமையாற் கூட்டத்தின் வீதமே குறைந்தது.

இவ்வுண்மை எமது பாண்டிருப்புக் கரைக்குப் புறம்பானதன்று. 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், அம்பாறை மாவட்ட முகாம்களில் 859 குடும்பங்களை ஆய்வாளர் வினவினர். 3,533 பேரில் 446 பேர் மாண்டிருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்டோரில் மாண்டவர் ஏறத்தாழ 32 வீதம். பெண்களின் இழப்பு ஆண்களினதைப் போல் இருமடங்கு. அம்மரணங்களுள் 99 வீதமானவை அன்றோ அடுத்த மூன்று நாட்களுள்ளோ நிகழ்ந்தவை. பின்னர் மரணம் அருகியமைக்கு நிவாரணம் ஒரு காரணமாகலாம். நலிந்தோர் முன்னரே மாண்டமையும் ஒரு காரணமாகலாம். எண்ணிக்கை மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஒரே சுவரும் ஒரே முற்றமும் பகிர்ந்தோர் ஒரே இடரையும் பகிர்ந்தனர். ஆதலின் 446 மரணங்களைத் தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்ளல் தகாது. அன்றியும், ஒருவரும் எஞ்சாத குடும்பத்துக்காக முகாமில் விடையிறுப்பார் யார்? அவ்வில்லங்கள் அக்கணக்கில் ஏறவேயில்லை. நலிவின் உச்சியில் நின்றோரே ஏட்டில் இல்லாதோராயினர். அவர்தம் வெற்றிடத்தையும் நினைவிற் கொண்டு எண்ணுதல் வரலாறு கற்போர் கடனாகும்.